தலையிடிக்கு ஊசியும் நிதானமும்

திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பயிலும் மாணவ மாணவியர்க்கு ஒரு திறந்த மடல்

அன்புக்கும் நன்மதிப்புக்கும் உரிய மாணவச் செல்வங்களே,

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் கோணேசபுரியிலே சித்த மருத்துவக் கல்விக்கு இடங்கொடுத்த நாள்முதல், பரம்பரைப் பரியாரிமாரின் திண்ணைகளிலும் ஏட்டுக் கட்டுக்களிலும் ஒடுங்கிக் கிடந்த ஒரு சாஸ்திரம் பல்கலைக்கழகத்தின் பரீட்சை மண்டபத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று அகமகிழ்ந்தவர்களுள், இந்நகரிற் பிறந்து இந்நகரிலேயே ஆசிரியத் தொழில் புரிந்து இளைப்பாறிய நானும் ஒருவன். அந்த மகிழ்ச்சி தந்த உரிமையைக்கொண்டு, நாளை உங்களிடம் மிகுதியாக வந்து முறையிடப்படப்போகும் ஒரு பிணியைப் பற்றியும், அதற்குப் பரிகாரமாக இக்காலத்தில் எங்கும் பேசப்படும் அக்குபங்சர் என்னும் சீன ஊசி வைத்தியத்தைப் பற்றியும், என் மனத்திற் பட்டதை ஒளிவுமறைவின்றி எழுதத் துணிகிறேன். அப்பிணி தலையிடி.

தலையிடியை ஒரு நோயென்று மதித்து வைத்தியரிடம் போவோர் நம்மவருள் மிகச் சிலர். கொட்டியாரக் குடாவிலே இராமுழுவதும் வலைபோட்டு விடியற்புறம் கரைசேரும் கடற்றொழிலாளியும், சீனன்குடா எண்ணெய்க் குதங்களைச் சூழ்ந்த வெளியில் உச்சி வெய்யிலில் நிற்கும் காவலாளியும், மாவாலையிலும் சீமெந்து ஆலையிலும் இரவு பகல் மாறிமாறி வரும் முறைவேலையால் நித்திரை குலைந்த தொழிலாளியும், விடியுமுன் எழுந்து எல்லாருக்கும் சமைத்துக் கொடுத்துவிட்டுத் தான் வெறுந் தேநீரோடு மத்தியானம்வரை இருந்துவிடும் தாயும், தலையிடித்தால் நெற்றியிலே சித்தாலேப தேய்த்து, இரண்டு பனடோல் விழுங்கி, தலையை இறுகக் கட்டிக்கொண்டு அடுத்த கருமத்தைப் பார்க்கிறார்கள். வெய்யில், வியர்வையால் உடல்நீர் வற்றுதல், நேரந்தவறிய உணவு, நித்திரைக் குறைவு, டீசற் புகை, ஓயாத இரைச்சல் என்று ஒற்றைத் தலையிடியைத் தூண்டுவனவாக வைத்தியநூலார் எண்ணும் காரணங்களுட் பல, துறைமுகத்தை அண்டி வாழ்வோரின் அன்றாடத் தொழிலோடு பிரிக்கமுடியாதபடி பின்னிக்கிடக்கின்றன. உலகில் நூறு கோடிக்கு மேற்பட்டோரை வருத்தும் அந்நோய் உயிரைக் கொல்வதில்லை என்பதனாலேயே அலட்சியம் செய்யப்படுகிறது; உயிரைக் கொல்லாவிடினும், மாதத்திற் பல நாளைக் கொல்லும் நோய் அது.

இந்த அலட்சியத்திலிருந்து வேறொரு தீங்கும் பிறக்கிறது. அடிக்கடி தலையிடி வருபவர் ஒருவர், சாதாரண வலிமாத்திரைகளை மாதத்தில் 15 நாளுக்குக் குறையாமலும், பல மருந்துகள் கலந்த மாத்திரைகளாயின் 10 நாளுக்குக் குறையாமலும், மூன்று மாதத்துக்கு மேலாக உட்கொண்டுவந்தால், வலியைத் தணிக்க வந்த மருந்தே வலியை வளர்க்கும் காரணமாகிவிடக்கூடும் என்பது மேனாட்டு வைத்தியம் ஐயமறக் கண்ட உண்மை. ஆகவே மாத்திரையின் துணையின்றித் தலையிடி வரும் நாட்களைக் குறைக்கவல்ல உபாயம் எதுவாயினும், அது எத்தேசத்தில் தோன்றியதாயினும், அதனைக் கவனித்து ஆராய்வது வைத்தியராகப் போகும் உங்களுக்குத் தர்மமாகிறது. சீன ஊசி உங்கள் கவனத்துக்கு உரியதாவது இந்தக் காரணத்தினாலேயே.

அதனை அந்நியமென்று ஒதுக்குவதற்கு நம் நாட்டுச் சரித்திரம் இடந்தரவில்லை. சீனக் கடற்றளபதி செங் ஹோ 1409ஆம் ஆண்டிலே பொறித்துக் கொணர்ந்ததும், 1911இல் காலியிற் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு நூதனசாலையில் இருப்பதுமாகிய கல்வெட்டிலே சீனமும் தமிழும் பாரசீகமும் ஒரே கல்லில் நிற்கின்றன. ஊசி வைத்தியமும் இந்நாட்டிலே தெருவோர விளம்பரப் பலகையின் வாயிலாக மாத்திரம் பரவியதன்று. களுபோவில அரசினர் வைத்தியசாலையிலே வாதரோகங்களுக்குச் சிகிச்சை செய்துவந்த, மேனாட்டு வைத்தியம் கற்ற அன்ரன் ஜயசூரிய அவர்கள், சென்ற நூற்றாண்டின் எழுபதுகளிலே சீனதேசத்தில் அதனைப் பயின்று மீண்டு, அரசாங்க வைத்தியசாலையிலேயே பொதுமக்களுக்குச் செய்துகாட்டினார். பிறதேசத்து மாணாக்கரும் அவரிடம் வந்து கற்றனர்.

சீன வைத்திய சாஸ்திரம் தலையிடியை ஒரே பிணியாகக் கொள்வதில்லை. நெற்றியில் நிற்கும் வலி ஒரு நாளத்துக்கு உரியது, பக்கங்களில் நிற்கும் வலி வேறொன்றுக்கு உரியது, பிடரியில் நிற்பது மற்றொன்றுக்கும் உச்சியில் நிற்பது இன்னொன்றுக்கும் உரியன என்று இடத்தாற் பிரித்து, பின்னர், காற்று, குளிர், வெப்பம், ஈரம் ஆகியவை வெளியிலிருந்து தாக்கியதால் வந்ததா, ஈரலின் வேகம் மேலெழுந்ததாலோ, இரத்தம் குறைந்ததாலோ, கபம் தேங்கியதாலோ உள்ளிருந்து தோன்றியதா என்று காரணத்தாற் பிரித்து, நாவையும் நாடியையும் பரிசோதித்த பின்னரே, இன்ன இடத்தில் ஊசி இடுக என்று அது விதிக்கிறது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள ஹெகு, பிடரியெலும்பின் கீழுள்ள பள்ளமாகிய ஃபெங்சி, கன்னப்பொறியிலுள்ள தாய்யாங், உச்சியிலுள்ள பாய்ஹுய் என்பவை தலையிடிக்கு அது பெரிதும் எடுத்தாளும் ஸ்தானங்கள்.

இதனை வாசிக்கும்போதே உங்கள் மனம் எங்கே செல்லும் என்பதை நான் அறிவேன். யாழ்ப்பாணத்து அரசர் காலத்து வைத்திய மரபைத் தாங்கி நிற்பதும், ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்களால் சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலே பதிப்பிக்கப்பட்டதுமாகிய பரராசசேகரத்திலே, சிரரோக நிதானம் என்று ஒரு பகுதி தனித்தே வகுக்கப்பட்டிருக்கிறது. தலையில் வரும் பிணிகளை வாதம், பித்தம், கபம் என்னும் முத்தோஷத்தின் வழியே பகுத்து, குறிகுணங்களைச் சொல்லிப் பின்னர் மருந்து சொல்லும் நம் முன்னோரும், மருந்துக்கு முன் நிதானம், அதாவது நோயறிதல், என்ற ஒழுங்கைச் சீனரைப் போலவே கைவிடாதிருந்தனர். இரண்டு பழைய மரபுகளும் ஒருமுகமாக வற்புறுத்தும் பாடம் இதுவே: தலையிடி என்று வந்தவனுக்கு உடனே மருந்து கொடுப்பவன் வைத்தியன் அல்லன், இது எத்தலையிடி என்று கேட்பவனே வைத்தியன்.

எனினும் ஒற்றுமையைக் கண்ட களிப்பிலே, சீனரின் நாளங்கள் நம் நாடிகளே, அவர்களின் ஊசி ஸ்தானங்கள் நம் வர்மங்களே என்று விரைந்து முடிவுகட்டிவிடாதீர்கள். படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என நீங்கள் பாடமாகக் கற்கும் 108 வர்மங்களும், காயம் பட்டால் இன்ன நேரத்துக்குள் இன்ன கேடு விளையும் என்ற அறிவிலிருந்து எழுந்து, கேட்டை நீக்கும் அடங்கலும் தடவலும் ஆகிய சிகிச்சைக்கு விரிந்தவை. போர்க்களமும் சிலம்பக் கூடமும் அவற்றின் பள்ளிகள். சீனர் எண்ணும் 361 ஸ்தானங்களோ, நோயாளியின் உடலிலே மருந்துக்குப் பதிலாக ஊசியும் நெருப்பும் இடுவதற்கென்றே தொடக்கமுதல் வகுக்கப்பட்டவை. இரண்டும் தத்தம் நெறியில் ஆழ்ந்த வித்தைகள். ஒன்றின் பெயரை மற்றொன்றின் மேல் ஒட்டிவிட்டால், அதனையும் கற்றவர் ஆகமாட்டோம், இதனையும் இழந்தவர் ஆவோம்.

இனி, இந்த ஊசியினால் உண்மையில் தலையிடி குறைகிறதா என்ற வினாவுக்கு வருகிறேன். இவ்வினாவுக்கு ஜெர்மனி தேசத்து வைத்தியர்கள் மிகுந்த பொறுமையோடு விடைதேடியிருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு பரிசோதனையிலே, ஒற்றைத் தலையிடியுள்ள 302 பேரை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தாருக்குச் சாஸ்திர விதிப்படியான ஸ்தானங்களிலும், இன்னொரு கூட்டத்தாருக்கு ஸ்தானமல்லாத இடங்களில் மேலோட்டமாகவும் ஊசி இட்டார்கள். மூன்றாங் கூட்டத்தாரை ஊசியின்றிக் காத்திருக்கச் செய்தார்கள். தலையிடி நாட்கள் பாதியாகவோ அதற்கு மேலாகவோ குறைந்தவர்கள் முதற் கூட்டத்தில் நூற்றுக்கு 51, இரண்டாங் கூட்டத்தில் 53, காத்திருந்த கூட்டத்தில் 15. பின்னர் 2016இல், வைத்திய ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் ஆய்வாளர், 22 பரிசோதனைகளிற் பங்குகொண்ட 4985 பேரின் விவரங்களை ஒருங்கே திரட்டி நோக்கியபோது, ஊசி இடப்பட்டோரில் நூற்றுக்கு 41 பேரும் இடப்படாதோரில் 17 பேரும் அத்தகைய குறைவைக் கண்டனர். போலி ஊசியோடு ஒப்பிட்ட பரிசோதனைகளிலே மெய்யூசிக்கு 50, போலிக்கு 41 என்று வித்தியாசம் சிறியதாயிற்று. தலையிடி வராமற் காக்கும் மேனாட்டு மருந்துகளோடு ஒப்பிட்டபோதோ, மூன்று மாத முடிவில் ஊசிக்கு 57, மருந்துக்கு 46 என்று ஊசி பின்னடையாது நின்றது.

இவ்வெண்களை ஊன்றி நோக்குங்கள். ஊசி வெறும் மாயை என்பார்க்கு, காத்திருந்தோரைவிடவும், மூன்று மாத முடிவில் மருந்துண்டோரைவிடவும் ஊசிபெற்றோர் நலமடைந்தனர் என்ற பிரத்தியட்சம் விடை கூறுகிறது. ஸ்தானந் தப்பினால் பலனில்லை என்று சாதிப்பார்க்கு, ஸ்தானந் தப்பிய ஊசியும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது என்ற மற்றொரு பிரத்தியட்சம் விடை கூறுகிறது. பலன் உண்டு, அப்பலன் முழுவதும் ஸ்தானத்தின் மகிமையால் வந்ததென்று சொல்லப் பிரமாணம் போதாது, தோலைத் தொடும் ஊசி, அரைமணி நேர ஓய்வு, வைத்தியரின் சாவதானமான விசாரணை, குணமாகும் என்ற நம்பிக்கை ஆகிய யாவும் அதிற் பங்குகொள்கின்றன. இங்கிலாந்து தேசத்துச் சுகாதார ஆலோசனைச் சபை 2012இலே, நாட்பட்ட இறுக்கத் தலையிடிக்கு 5 முதல் 8 வாரத்தில் 10 முறைவரை ஊசி இடலாம் என்றும், ஒற்றைத் தலையிடிக்கு வழக்கமான தடுப்பு மருந்துகள் ஒவ்வாதவிடத்து அதனைக் கருதலாம் என்றும் விதித்தது, இந்த நடுநிலை நோக்கினாலேயே என்று நான் கருதுகிறேன்.

ஊசி எவ்வாறு வேலைசெய்கிறது என்பதற்கும் சரீர சாஸ்திரம் சில விடைகளைத் தருகிறது. முகத்தினதும் தலையினதும் வலியைச் சுமக்கும் நரம்பும், கழுத்தின் மேற்பகுதியிலிருந்து புறப்படும் நரம்புகளும், மூளைத்தண்டுக்கும் முண்ணாணுக்கும் இடையே ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன. அதனாலேயே பிடரியின் இறுக்கம் நெற்றியில் வலியாகத் தெரிகிறது. பிடரியில் இடும் ஊசியோ பிடித்துவிடும் தொக்கணமோ நெற்றிவலியைத் தணிப்பதற்கும் அங்கே ஒரு வழி இருக்கிறது. ஊசி பட்டபோது உடல் தானே சுரக்கும் வலியடக்கும் பொருள்களின் செய்கையை நலோக்சோன் என்னும் மருந்தினால் மறித்தால், ஊசியின் பலன் குறைவதையும் எழுபதுகளில் நடந்த சில பரிசோதனைகள் காட்டின. பழைய நூல் ஓடும் உயிர்ச்சக்தி என்றதைப் புதிய நூல் நரம்பென்றும் சுரப்பென்றும் சொல்லும்போது, இரண்டையும் படிக்கக் கிடைத்த பாக்கியம் உங்களுடையது.

ஊசியோடு சீனத்து மூலிகைகளும் இந்நாட்டுக்கு வருகின்றன. இவ்விடத்தில் என் எச்சரிக்கை கடுமையானது. சொங் மன்னர் காலத்து அரசாங்க மருந்துநூலிலிருந்து இன்றுவரை தலையிடிக்கு வழங்கிவரும் ஒரு புகழ்பெற்ற சூரணம், சுவான்சியோங் என்னும் கிழங்கை முதன்மையாகக் கொண்டு, புதினாவும் அதிமதுரமும் பிறவுஞ் சேர்த்துத் தேயிலை நீரில் உட்கொள்ளப்படுவது. அதிலே சேரும் சிசின் என்னும் வேர், நம் ஆடுதீண்டாப்பாளையின் குடும்பத்தைச் சார்ந்தது. அக்குடும்பத்துச் செடிகளிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. தொண்ணூறுகளின் தொடக்கத்திலே பெல்ஜிய நாட்டுத் தலைநகரில், உடல் மெலிவதற்கென்று கொடுத்த சீன மூலிகைக் குளிசைகளில், பெயர் ஒப்புமையால் ஒரு மூலிகைக்குப் பதிலாக அவ்வகை மூலிகையொன்று சேர்ந்துவிட்டதனால், நூற்றுக்கு மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, சிறுநீரகம் பழுதுற்றது. பலருக்குப் பின்னாளிற் புற்றுநோயுங் கண்டது. நச்சு மூலிகையாகிய நாவியைச் சுத்திசெய்யாமற் சேர்க்கலாகாது என்று உங்கள் குணபாட நூல் விதிப்பதன் காரணத்தை அறிந்த நீங்கள், பெயரும் சேர்மானமும் தெளிவாக அச்சிடப்படாத எந்தப் பொதியையும், அது சீனத்ததாயினும் தமிழ்நாட்டதாயினும் நம்மூரதாயினும், நோயாளியின் கையிற் கொடுக்க இசையாதீர்கள்.

ஊசியை மறந்து, நோயாளியை உடனே மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டிய தலையிடிகளும் உண்டு. இடிவிழுந்தாற்போலக் கணப்பொழுதில் உச்சத்தை அடைந்த வலி; காய்ச்சலோடு கழுத்து விறைத்த வலி; ஒரு பக்கக் கைகால் சோர்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், பார்வை மங்குதல் ஆகியவற்றோடு வந்த வலி; தலையில் அடிபட்ட பின் வந்த வலி; ஐம்பது வயதுக்கு மேல் முதன்முறையாகத் தோன்றிய வலி; கர்ப்பவதிக்கு இரத்த அழுத்தம் ஏறி வந்த வலி. இவற்றில் தாமதிக்கும் ஒவ்வொரு நாழிகையும் உயிரோடு விளையாடுவதாகும். நம் மாவட்டத்துக்கென்று விசேஷமாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017ஆம் ஆண்டின் முற்பகுதியிலே கிண்ணியாவில் டெங்கு பரவி உயிர்களைப் பலிகொண்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அவ்வாண்டு இலங்கை முழுவதிலும் 186,000க்கு மேற்பட்டோர் அந்நோயாளராகப் பதிவாயினர். காய்ச்சலும், கண்ணுக்குப் பின்னால் குத்தும் தலையிடியும் அந்நோயின் முதற் குறிகள். இரத்தத் தட்டுக்கள் குறைந்துவரும் அவ்வுடலிலே ஊசி குத்துவதும், ஆஸ்பிரின் வகை மாத்திரை கொடுப்பதும் இரத்தப்பெருக்குக்கு இடஞ்செய்யும். காய்ச்சலோடு வந்த தலையிடிக்கு இரத்தப் பரிசோதனை முந்தட்டும், சிகிச்சை பிந்தட்டும்.

இவ்வளவும் கூறியபின், உங்களிடம் நான் வேண்டுவனவற்றைச் சுருக்கமாக வைக்கிறேன்.

முதலாவதாக, தலையிடியென்று வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு கொப்பி கொடுத்து, சிகிச்சை தொடங்குமுன் நான்கு வாரமும் சிகிச்சைக் காலம் முழுவதும், வலி வந்த நாள், நின்ற நேரம், விழுங்கிய மாத்திரை, நித்திரை, உணவு ஆகியவற்றை எழுதச்செய்யுங்கள். எழுத இயலாதார்க்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதிக்கொடுப்பார்கள். மாத்திரைகளின் தொகையை அக்கொப்பியிலே கண்டபோதே தன் நோயின் காரணத்தைத் தானே உணர்ந்துகொள்ளும் நோயாளரும் இருப்பர்.

இரண்டாவதாக, ஊசி வைத்தியத்தைக் கற்க விரும்புவோர், தகுந்த ஆசானிடம் முறைப்படி கற்று, ஒருமுறை பயன்படுத்திய ஊசியை மறுமுறை பயன்படுத்தாத நியமத்தை விரதமாகக் கொள்ளுங்கள். ஈரலழற்சியை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கடத்தும் ஊசி எந்தச் சாஸ்திரத்துக்கும் இழிவையே தேடித்தரும். தோளிலும் நெஞ்சிலும் ஆழமாக இட்ட ஊசி நுரையீரலைத் துளைத்த நிகழ்ச்சிகள் உண்டு என்பதையும், ஹெகு என்னும் ஸ்தானத்தில் கர்ப்பவதிக்கு ஊசி இடுவதைச் சீன மரபே விலக்கியிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவதாக, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது: சீனரின் ஊசியை உலகம் அளந்து பார்த்ததுபோல, நம் தொக்கணத்தையும் வர்மத் தடவலையும் நசியத்தையும், நெற்றியிலிடும் சுக்குப் பத்தையும் நொச்சி வேதையும் நீங்கள் அளந்து பாருங்கள். நெறிக்குழுவின் அனுமதியோடும் நோயாளரின் மனமொத்த சம்மதத்தோடும், துறைமுகத் தொழிலாளருள் நாட்பட்ட இறுக்கத் தலையிடியுள்ளோரை இரு கூட்டமாகப் பிரித்து, ஒரு கூட்டத்தாருக்கு இப்போதே கழுத்துக்கும் தோளுக்கும் தொக்கணமும், மற்றக் கூட்டத்தாருக்கு அதையே இரண்டு மாதம் பிந்தியும் கொடுத்து, கொப்பிகளை ஒப்பிட்டு, வந்த முடிவு நமக்கு உவப்பாயினும் கசப்பாயினும் அப்படியே வெளியிடுங்கள். இதற்குப் பெரிய யந்திரங்கள் வேண்டா. ஒழுங்கும் பொறுமையும் சத்தியமும் வேண்டும். நம் சாஸ்திரம் மெய்யாயின், அளவைக்கு அஞ்ச அதற்குக் காரணமில்லை. அதில் ஒரு பகுதி பலனற்றதென்று தெளிந்தால், அதனைக் களைந்து எஞ்சியதைக் காப்பதும் குருவுக்குச் செய்யும் காணிக்கையே ஆகும்.

நான்காவதாக, மேனாட்டு வைத்தியரோடு பகை பாராட்டாதீர்கள். கப்பல்துறை ஆயுர்வேத வைத்தியசாலையிலிருந்து நகரத்துப் பொது வைத்தியசாலைக்கும், அங்கிருந்து உங்களிடத்துக்கும், இன்ன நோயாளர் இன்ன காரணத்தால் அனுப்பப்படுகிறார் என்று எழுதிய கடிதத்தோடு நோயாளர் போய்வரும் வழக்கம் வேரூன்றுமாயின், தலையில் வளரும் கட்டிக்கு மாதக்கணக்கில் எண்ணெய் தேய்த்துக் காலங்கழிப்பவரும் இரார். வெறும் கழுத்திறுக்கத்துக்கு வருடக்கணக்கில் மாத்திரை விழுங்குவோரும் இரார்.

மாணவச் செல்வங்களே, மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் திருக்கடலூரிலிருந்தும் உங்களிடம் வரப்போகிறவர்கள், ஊசி சீனத்ததா, தடவல் தமிழருடையதா என்று கேட்கப்போவதில்லை; நாளைக்கு வேலைக்குப் போகலாமா என்றே கேட்பார்கள். நாட்கூலியில் வாழும் ஒருவருக்கு மாதத்தில் எட்டு நாளாயிருந்த தலையிடி நான்கு நாளாகக் குறைவது நான்கு நாட் சம்பளம். ஒரு தாய்க்கு அது பிள்ளைகளோடு முகங்கோணாமற் கதைக்கக் கிடைத்த நான்கு மாலைப்பொழுது. அந்த நான்கு நாளை உங்களாற் பெற்றுக்கொடுக்க முடியும் என்று நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். ஆதலால் வருகிற தவணையிலேயே உங்கள் ஆசிரியர்களிடம் இவ்விண்ணப்பத்தை எடுத்துச் சென்று, தலையிடிக்கென வாரத்தில் ஒருநாட் சிகிச்சை நிலையம் ஒன்றைத் தொடங்குவதற்கு ஆவன செய்யுங்கள். கொப்பிகள் வாங்குவதற்கும் அவற்றை ஒழுங்குசெய்து எழுதுவதற்கும் இந்நகரத்து இளைப்பாறிய ஆசிரியர்களாகிய நாங்கள் உங்களுக்குத் துணைநிற்போம்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விழையும்
இளைப்பாறிய ஆசிரியன் ஒருவன்,
திருகோணமலை.